தீயணைப்பு நிலையம் தந்த எண்

1949-ஆம் ஆண்டின் ஓர் இரவு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வில்ஷயர் பொலிவார்டில் இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். எல்லோரும் காரில் பறக்கும் ஊர் அது. அந்த நேரத்தில் நடைபாதையில் வேறு ஆளே இல்லை. போலீஸ் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. இறங்கிய காவலர், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். இருவரில் ஒருவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். காவலருக்கு அந்தப் பதில் ரசிக்கவில்லை. இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். கோபப்பட்டவருக்கு வயது 29. பெயர் ரே பிராட்பரி. கதை எழுதிப் பிழைப்பவர். நடப்பதையே ஒரு குற்றமாக்க முடியும் என்றால், அடுத்து எதையெல்லாம் குற்றமாக்குவார்கள் என்ற கேள்வி வீடு வரைக்கும் அவரை விடாமல் துரத்தியது.

பிராட்பரி கல்லூரி வாசலை மிதிக்காதவர். பள்ளிப் படிப்பு முடிந்தபோது வீட்டில் பணமில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பொது நூலகத்துக்குப் போய்ப் பத்து ஆண்டுகள் படித்தார். அதுதான் தன் பல்கலைக்கழகம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி வளர்ந்தவர் மனத்தில், 1933 மே மாதம் பெர்லின் சதுக்கத்தில் நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்திய செய்தி ஆறாத புண்ணாகக் கிடந்தது. இப்போது சொந்த நாட்டிலும் காற்று மாறியிருந்தது. 1947-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட் எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் வரவழைத்து, நீ கம்யூனிஸ்டா என்று விசாரித்தது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தக் காலத்தில்தான் போலீஸ்காரரின் கேள்வியும் வந்து சேர்ந்தது. பிராட்பரி உட்கார்ந்து, 2053-ஆம் ஆண்டில் நடக்கும் ஒரு சிறுகதையை எழுதினார். ஊரே தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் இரவில் ஒரே ஒரு மனிதன் உலாவப் போகிறான். ஆளில்லாத போலீஸ் கார் அவனைப் பிடித்து மனநல விடுதிக்குக் கொண்டுபோகிறது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நடையாளை பிராட்பரி இன்னொரு முறை உலாவ அனுப்பினார். இம்முறை தெருமுனையில் ஓர் இளம்பெண் எதிர்ப்பட்டாள். அவன்மேல் வீசிய மண்ணெண்ணெய் வாசனையை வைத்தே அவன் என்ன வேலை செய்கிறவன் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அவன் தீயணைப்பு வீரன். ஆனால் அந்த எதிர்கால ஊரில் தீயணைப்பு நிலையத்தின் வேலை தீயை அணைப்பதல்ல. எந்த வீட்டில் புத்தகம் ஒளிந்திருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய்க் கொளுத்துவது. கரு கிடைத்துவிட்டது; எழுத இடம் கிடைக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை. தனியறை வாடகைக்கு எடுக்க வசதியில்லை. இடம் தேடி அலைந்தவர், ஒரு நாள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்குள் நுழைந்தார். நூலகத்தின் அடித்தளத்திலிருந்து தட்டச்சுச் சத்தம் மேலே கேட்டது.

இறங்கிப் பார்த்தார். வரிசையாகத் தட்டச்சு இயந்திரங்கள். பத்து சென்ட் காசு போட்டால் அரை மணி நேரம் ஓடும். நேரம் முடிந்தால் பூட்டிக்கொள்ளும். பிராட்பரி ஒரு பை நிறையக் காசு மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காசு தீர்வதற்குள் பக்கம் முடிய வேண்டுமே என்ற பதைப்பில் விரல்கள் பறந்தன. ஏதாவது புத்தகம் தேவைப்பட்டால் மாடிப்படி ஏறி ஓடி, அலமாரியிலிருந்து உருவி, படித்துவிட்டு மறுபடி கீழே ஓடி வந்தார். புத்தகங்களை எரிக்கும் கதை, புத்தகங்கள் நிறைந்த ஒரு கட்டடத்தின் அடியில் உட்கார்ந்து எழுதப்பட்டது. ஒன்பது நாளில் முதல் வரைவு முடிந்தது. செலவு 9 டாலர் 80 சென்ட். கணக்குப் போட்டால் 49 மணி நேரம். 1951 பிப்ரவரியில் 'கேலக்ஸி' என்ற அறிவியல் புனைகதை இதழில் 'தி ஃபயர்மேன்' என்ற பெயரில் அது வெளியானது. பலர் படித்தார்கள், மறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து பாலன்டைன் பதிப்பகம், அதை இரு மடங்காக்கித் தர முடியுமா என்று கேட்டது. பிராட்பரி விரித்து எழுதிக் கொடுத்தார். ஆனால் பழைய தலைப்பு சப்பென்றிருந்தது.

புத்தகம் எந்த வெப்பத்தில் தீப்பிடிக்கும் என்பதையே தலைப்பாக வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு வேதியியல் துறைக்கு போன் செய்தார், தெரியாது என்றார்கள். இயற்பியல் துறைக்கு போன் செய்தார். அங்கேயும் பதில் இல்லை. பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு, இதைக் கேட்க வேண்டிய இடத்துக்கே போன் செய்தார். தீயணைப்பு நிலையத்தின் தலைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு எண்ணைச் சொன்னார்: 451 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் ஏறத்தாழ 233 டிகிரி செல்சியஸ். காகிதத்தின் வகை, தடிமன், சூடேறும் விதம் ஆகியவற்றைப் பொறுத்து அந்த வெப்பம் மாறும் என்பதால் அறிவியலாளர்கள் அந்த எண்ணை அப்படியே ஏற்பதில்லை. பிராட்பரி யாரிடமும் சரிபார்க்கவும் இல்லை. உச்சரிக்க நன்றாக இருந்தது, போதும். 1953 அக்டோபரில் 'ஃபாரன்ஹீட் 451' அச்சாகி வந்தது. மறு ஆண்டு, கையில் அதிகக் காசில்லாத ஓர் இளம் பத்திரிகை ஆசிரியர் அதைத் தொடராக வெளியிட்டார். அவர் ஹியூ ஹெஃப்னர், பத்திரிகை 'பிளேபாய்'. பெரிய பத்திரிகைகள் அரசியல் வாடை அடிக்கும் எதையும் தொடத் தயங்கிய ஆண்டுகள் அவை. தணிக்கையை எதிர்த்து எழுதிய நாவல் அந்த ஆண்டுகளைத் தாண்டிப் பிழைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த நாவலுக்கே கத்திரி விழுந்தது. அதைப் போட்டவர்கள் அரசாங்கத்தில் இல்லை. சொந்தப் பதிப்பகத்தில் இருந்தார்கள். 1967-இல் பள்ளி மாணவர்களுக்கென்று பாலன்டைன் தனிப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று 75 இடங்களில் வாசகங்களை மாற்றினார்கள். வசைச் சொற்கள் போயின. கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று. குடிபோதையில் கிடந்த மனிதன் நோயாளி ஆனான். தொப்புளைச் சுத்தம் செய்யும் இடம் காதைச் சுத்தம் செய்வதாக மாறியது. எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகத்துக்குள்ளும் இது திருத்திய பதிப்பு என்று ஒரு வரி இல்லை. 1973 முதல் வேறு பதிப்பே அச்சாகவில்லை. ஆறு ஆண்டுகளுக்குக் கடைக்கு வந்த ஒவ்வொரு புதிய பிரதியும் வெட்டுப்பட்ட பிரதி. வாங்கிப் படித்தவர்கள், இதுதான் பிராட்பரி எழுதியது என்று நம்பினார்கள். பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சில மாணவர்கள் கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பிராட்பரி கொதித்துப் போனார். 1979-இல் காரசாரமான பின்னுரை ஒன்றை எழுதினார். 1980-இல் பழைய வாசகம் முழுமையாகத் திரும்பி வந்தது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் முரண்நகையைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் அச்சம் தந்தது வேறு. நாவலில் வரும் தீயணைப்பு வீரர்கள் சைரன் ஊதிக்கொண்டு, ஊர் பார்க்கத்தான் வருகிறார்கள். எரிந்த வீட்டைப் பார்த்து, இங்கே ஒரு புத்தகம் இருந்தது என்றாவது பக்கத்து வீட்டுக்காரன் தெரிந்துகொள்வான். 1973-க்கும் 1979-க்கும் நடுவே நடந்ததில் சாம்பல்கூட இல்லை. இழந்தோம் என்பதே தெரியாத இழப்பு அது. எதிர்காலத்தை அவ்வளவு துல்லியமாகக் கற்பனை செய்த பிராட்பரிக்கும் இந்தச் சத்தமில்லாத முறை தோன்றியிருக்கவில்லை. அது தனக்கான காலத்துக்குக் காத்திருந்தது.

கதை அங்கிருந்து ஜெனீவாவுக்குத் தாவியது. 1990-களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை உருவாக்கிக்கொண்டிருந்தார். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்டால், அதை வைத்திருக்கும் சர்வர் என்ன பதில் சொல்ல வேண்டும்? பழைய கணினி நெறிமுறைகளின் வழக்கத்தைப் பின்பற்றி மூன்று இலக்க எண்கள் முடிவாயின. இரண்டில் தொடங்கினால் எல்லாம் சரி. மூன்று என்றால் வேறு முகவரிக்குப் போ. நான்கு என்றால் கேட்டவர் தரப்பில் கோளாறு. ஐந்து என்றால் சர்வரிலேயே கோளாறு. 404 என்றால் பக்கம் இல்லை. 403 என்றால் பக்கம் உண்டு, காட்ட மாட்டேன். அந்தப் பட்டியலில் 402 என்றும் ஓர் எண் இருந்தது. பணம் கட்டினால்தான் பக்கம் கிடைக்கும் என்ற நாள் வந்தால் பயன்படட்டும் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட எண் அது. வருங்காலத்தில் வியாபாரிகள் வருவார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள். அரசாங்கம் வரும் என்று எவரும் எண்ணவில்லை. அதற்கென்று ஓர் எண் ஒதுக்கப்படவில்லை.

அன்றைய மனநிலை அப்படி. தணிக்கையை வலைப்பின்னல் ஒரு பழுதாகவே எடுத்துக்கொள்ளும், சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடும் என்று இணைய உரிமைச் செயற்பாட்டாளர் ஜான் கில்மோர் சொன்னதைப் பலர் வேதமாக நம்பினார்கள். 1996 பிப்ரவரி 8 அன்று டாவோஸ் நகரில் உட்கார்ந்து, கவிஞரும் பாடலாசிரியருமான ஜான் பெர்ரி பார்லோ இணைய வெளிக்கு ஒரு சுதந்திரப் பிரகடனமே எழுதிவிட்டார். அரசாங்கங்களுக்கு இங்கே அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். நான்கே ஆண்டுகளில், 2000 மே மாதத்தில், பாரிஸ் நீதிபதி ஒருவர் யாஹூ நிறுவனத்தைக் கூப்பிட்டு, நாஜிச் சின்னங்கள் ஏலம் விடும் பக்கங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பார்க்காதபடி செய் என்றார். இணையத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, அது முடியாது என்றது நிறுவனம். நீதிமன்றம் வல்லுநர்களை நியமித்துக் கேட்டது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். சீனா அதற்குள், வெளிநாட்டுத் தளங்களை வடிகட்டும் தன் 'பெரும் தீச்சுவரை' எழுப்பத் தொடங்கியிருந்தது. எல்லைக்கோடு வரைய முடியும் என்று எல்லா அரசாங்கங்களுக்கும் தெரிந்துவிட்ட பிறகு, அதை வரையாமல் எத்தனை நாள் பொறுத்திருப்பார்கள்?

2012-ஆம் ஆண்டின் முதல் பாதியில் இரண்டு கண்டங்களில் ஒரே மாதிரிக் காரியம் நடந்தது. லண்டனில் உயர் நீதிமன்றம், திருட்டுப் பிரதிகளுக்குப் பெயர்போன 'பைரேட் பே' என்ற தளத்தைத் தடுக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. சென்னையில் தனுஷ் நடித்த '3' படமும் 'தம்மு' என்ற தெலுங்குப் படமும் திருட்டுத்தனமாக இணையத்தில் வராமல் இருக்க, தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெற்றார்கள். யார் திருடப்போகிறார் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால், பெயர் தெரியாத எதிர்வாதிகள்மேல் போடும் 'ஜான் டோ' ஆணை அது; இந்தியாவில் அதற்கு 'அசோக் குமார்' ஆணை என்றும் பெயர். திருட்டைத் தடுக்க நினைத்தது நியாயம். ஆனால் சேவை நிறுவனங்கள் அந்தப் படங்கள் இருந்த பக்கங்களை மட்டும் தடுப்பதோடு நிற்கவில்லை. விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று பல கோடிப் பேர் நேர்மையாகப் பயன்படுத்திய தளங்களையும் அப்படியே மூடின. சொந்தக் குறும்படத்தை விமியோவில் ஏற்றி வைத்திருந்த இளைஞருக்கும் கதவு சாத்தப்பட்டது. திரையில் சிலருக்கு நீதிமன்ற ஆணைப்படி தடை என்ற ஒற்றை வரி தெரிந்தது. எந்த நீதிமன்றம், என்ன வழக்கு, யாரிடம் முறையிடுவது என்ற விவரம் அதில் இல்லை. முகமூடி அணிந்த இளைஞர்கள் பல இந்திய நகரங்களில் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம், படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்குத்தான் தடை, முழுத் தளத்துக்கு அல்ல என்று தெளிவுபடுத்தியது. அதே ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் ஒருவர் தன் திரையைப் பார்த்துக் குழம்பிப் போயிருந்தார்.

டெரன்ஸ் ஈடன் என்ற அந்தத் தொழில்நுட்ப வல்லுநர் பைரேட் பே தளத்தைத் திறந்தபோது வந்த பதில் 403. அதாவது, பக்கம் உண்டு, காட்ட மாட்டேன் என்று சர்வர் மறுக்கிறது. ஆனால் அந்த சர்வர் மறுக்கவே இல்லை. கேள்வி அதுவரை போய்ச் சேரவும் இல்லை. நடுவழியில் சேவை நிறுவனம், நீதிமன்றம் சொன்னதற்காக மறித்திருந்தது. கடிதத்தை வழியில் எடுத்து வைத்துக்கொண்ட தபால்காரர், வீட்டுக்காரர் வாங்க மறுத்துவிட்டார் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியதைப் போன்ற காரியம் அது. இது பொய்யான பதில் அல்லவா என்று ஈடன் கேட்டார். தணிக்கைக்கென்று இணையத்தில் ஓர் எண் இல்லை, இருக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்தவர்களில் ஒருவர் டிம் பிரே. கனடாக்காரர், எக்ஸ்எம்எல் என்ற தரவு மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர், அப்போது கூகிளில் வேலை. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் வரைவு எழுதிப் பழகியவர். புதிய எண் ஒன்றுக்கான வரைவை எழுதத் தீர்மானித்தார். எந்த எண்ணைக் கேட்பது?

பட்டியலில் நானூற்று முப்பதுகளின் தொடக்கம் வரைதான் எண்கள் ஏறியிருந்தன. வரிசைப்படி அடுத்ததைக் கேட்பதுதான் வழக்கம். ஆனால் அந்த மாதம் ஐந்தாம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸில், 91-ஆம் வயதில் ரே பிராட்பரி இறந்து போயிருந்தார். செய்தித்தாள்களில் எல்லாம் அந்த நாவலின் பெயர். நான்கில் தொடங்கும் மூன்று இலக்கம். எரிந்த புத்தகங்களின் எண். யாருக்கும் ஒதுக்கப்படாமல் காலியாகக் கிடந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தீயணைப்பு நிலையத் தலைவர் தொலைபேசியில் சொன்ன எண்ணை டிம் பிரே எழுதினார்: 451. சட்டக் காரணங்களால் இந்தப் பக்கம் கிடைக்காது.

யோசனை செய்தி ஆனது, பலர் மகிழ்ந்தார்கள். ஐஇடிஎஃப் மகிழவில்லை. அந்த அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. அறையில் உள்ளவர்கள் தொண்டைக்குள் முனகி ஆதரவு தெரிவிப்பார்கள். முனகலின் கனத்தைப் பார்த்துத் தலைவர் முடிவெடுப்பார். வலை நெறிமுறைக் குழுவின் தலைவராக இருந்த மார்க் நாட்டிங்ஹாம் தயங்கினார். தணிக்கையை ஆதரிப்பவரல்ல அவர். எண் கணக்கில் கறார் பேர்வழி. நான்கில் தொடங்கும் எண்கள் நூறே நூறு. கேட்பவருக்கெல்லாம் கொடுத்தால் ஒரு நாள் தீர்ந்து போகும். 403 என்று சொல்லிவிட்டுக் காரணத்தைக் கீழே எழுதினால் போதாதா? ஓர் எண்ணை வாங்க வேண்டுமென்றால், அதைப் பார்த்து ஓர் இயந்திரம் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும்; மனிதர்கள் படித்து வருத்தப்படுவதற்கு எண் எதற்கு? போதாக்குறைக்கு மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருள் ஒன்று, யாரையும் கேட்காமல் 451-ஐ வேறொரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. வரைவு ஆண்டுக்கணக்கில் தூங்கியது.

அதை எழுப்பியது நாட்டிங்ஹாம் கேட்ட அதே கேள்விதான். இயந்திரத்துக்கு இந்த எண் எதற்கு என்றாரே, அதற்கு விடை வந்தது. தணிக்கையைக் கண்காணிக்கும் அமைப்புகள், கருத்துரிமைக்காகப் பாடுபடும் 'ஆர்ட்டிகிள் 19' போன்றவை, எங்களுக்கு வேண்டும் என்று முன்வந்தன. உலகெங்கும் எந்தப் பக்கங்கள் சட்டத்தின் பெயரால் மறைக்கப்படுகின்றன என்று மனிதர்கள் உட்கார்ந்து எண்ண முடியாது. 403-ஐ எண்ணிப் பயனில்லை. கடவுச்சொல் தவறினாலும் அதுதான் வரும். தனி எண் ஒன்று இருந்தால் ஒரு நிரல் கோடிக்கணக்கான பக்கங்களைத் தட்டிப் பார்த்து, எங்கெங்கே கத்திரி விழுந்திருக்கிறது என்று வரைபடமே போட்டுவிடும். இதற்கிடையே சில தளங்கள் அனுமதிக்குக் காத்திராமல் 451-ஐப் பயன்படுத்தவே தொடங்கியிருந்தன. நாட்டிங்ஹாம் மனம் மாறினார். 2015 டிசம்பர் 18 அன்று ஒப்புதல் கிடைத்தது. 2016 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 7725 என்ற ஆவணமாக 451 அதிகாரபூர்வமாகப் பிறந்தது. அதன் நன்றிப் பட்டியலில் டெரன்ஸ் ஈடன் பெயர் உண்டு. ரே பிராட்பரி பெயரும் உண்டு.

ஆவணம் மிகச் சிறியது. ஆனால் கேட்பது பெரிது. 451 என்று சொன்னால் போதாது. தடையைக் கோரியது யார், எந்தச் சட்டத்தின்படி, யாருக்கெல்லாம் எந்தெந்தப் பக்கங்களுக்கெல்லாம் பொருந்தும் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். தடையைச் செயல்படுத்தும் நிறுவனம் தன் முகவரியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்கு டிம் பிரே ஓர் உதாரணமும் கொடுத்திருந்தார். ரோமானியப் பேரரசின் யூதேயா மாகாணத்தில், ராஜ துரோகச் சட்டத்தின்படி, யூதேயா மக்கள் முன்னணியின் சர்வரில் உள்ள பக்கங்களுக்குத் தடை என்று போகிறது அது. அந்த முன்னணி, 'லைஃப் ஆஃப் பிரையன்' என்ற 1979-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வரும் கற்பனைக் கட்சி. பிரிட்டனின் பல நகர சபைகள் திரையிடத் தடை போட்ட படம் அது. தொழில்நுட்ப ஆவணங்களைப் படிப்பவர்கள் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். ஆனால் அதே ஆவணத்தின் உள்ளே இன்னொரு வாக்கியம் இருந்தது, அது சிரிப்பதற்கல்ல.

இந்த எண் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம் என்றது அந்த வாக்கியம். பக்கத்தை மறைக்கச் சொல்லும் அதிகாரிகள், மறைக்கச் சொன்னதையும் மறைக்கச் சொல்லலாம். பிராட்பரியின் பதிப்பகம் 1973-இல் செய்ததும் அதுதான். இப்போது அதைச் செய்யும் கை அரசாங்கத்தின் கை. நடைமுறையில், ஆணை இல்லாத இடத்தில் எண் வந்தது; தடை இருந்த இடத்தில் வரவில்லை. 2018 மே மாதம் ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்காவின் சில உள்ளூர் செய்தித் தளங்கள் ஐரோப்பிய வாசகர்களுக்கு 451 என்று காட்டின. அங்கே அரசு ஆணை ஏதும் இல்லை. சட்டத்தைப் பின்பற்றும் செலவுக்கு அஞ்சிய நிறுவனங்கள் தாங்களே கதவைச் சாத்தின. சீனத் தீச்சுவரோ தடை என்று ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. தவறான முகவரியைக் கொடுத்தது, அல்லது இணைப்பை நடுவில் அறுத்தது. உட்கார்ந்திருப்பவர், நெட்வொர்க் சரியில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

தொழில்நுட்பமும் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. வலைத்தளங்கள் பெரும்பாலும் பூட்டுச் சின்னம் போட்ட மறைகுறியாக்க இணைப்புக்கு மாறின. அந்த மாற்றம் நல்லது. கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கையும் வழியில் எவரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் எட்டிப் பார்க்க முடியாத சேவை நிறுவனம், நடுவில் புகுந்து தன் அறிவிப்புப் பக்கத்தைக் காட்டவும் முடியாது. இணைப்பை அறுக்க மட்டுமே முடியும். நேர்மையாகச் சொல்ல விரும்பும் நிறுவனத்துக்கும் வாய் கட்டப்பட்டது. தளத்தை நடத்துபவர் மட்டுமே 451 சொல்லலாம் என்ற நிலை வந்தது. அவருக்கோ, தன் தளம் முடக்கப்பட்டதே பல நேரங்களில் தெரிந்திருக்கவில்லை.

இந்தியாவில் இது ஒருவருக்கு அப்படியே நேர்ந்தது. மாப்பிள்ளைக்கு எவ்வளவு வரதட்சணை என்று கணக்குப் போட்டுக் காட்டி அந்த வழக்கத்தைக் கேலி செய்த 'டௌரி கால்குலேட்டர்' என்ற தளத்தைப் பத்திரிகையாளர் ஒருவர் நடத்திவந்தார். 2018-இல் அது திறக்காமல் போயிற்று. அரசு அவருக்கு முன்னறிவிப்பு கொடுக்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தளங்களைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன் கீழ் 2009-இல் வந்த விதிகளில் பதினாறாவது, தடை கோரிய புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. யார் கோரினார், எந்தச் சட்டம் என்று திரையில் எழுதச் சொல்லும் 451-க்கு நேர் எதிரான விதி அது. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய வழிவிட்ட அதே சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது, 69ஏ-வைச் செல்லும் என்று விட்டுவைத்தது. காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட முடியும் என்பதை அதற்குக் காரணமாகச் சொன்னது. எழுத்தில் இருந்தும் கையில் கிடைக்காத காரணத்தை வைத்துக்கொண்டு எப்படி வழக்குப் போடுவது? அந்தப் பத்திரிகையாளர் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படி ஏறினார். ஆணையின் நகலைக் கொடுங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள் என்று நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது 2022 மே மாதத்தில். தளம் முடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2025 மார்ச்சில் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பதினாறாம் விதியையும், அதோடு சேர்ந்த வேறு சில விதிகளையும் எதிர்த்து, மென்பொருள் சுதந்திரத்துக்கான சட்ட மையம் மனுத் தாக்கல் செய்தது. எழுதியவர் யாரென்று தெரிந்திருந்தால், அவர் எழுத்தைத் தடுக்கும் முன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. நீதிபதிகள் மனுவை விசாரணைக்கு எடுத்து, பதில் சொல்லும்படி மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள்.